79 புள்ளி

அன்புள்ள ராமு,

உன் கடிதமும் நாவலின் ஆறாம் அத்தியாயமும் சேர்ந்தே வந்தன. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்குத் தை மாதத்தில் கல்யாணம் முடிவாகியிருக்கிறது. பத்திரிகை தனியாக வரும், குடும்பத்தோடு முன்னதாகவே வந்துவிடு. இனி அதில் வரும் உன் அமெரிக்க சார்ஜென்ட் சமாச்சாரம்.

1945 அக்டோபரில், ஜெர்மனியில் இருந்துகொண்டு ஓஹையோவில் இருக்கிற மனைவிக்கு எழுதுகிறான். "கவலைப்படாதே, சீக்கிரம் வந்துவிடுவேன்" என்று மூன்று இடத்தில் வருகிறது. மூன்றையும் அடித்துவிடு. மே மாதம் ஜெர்மனி சரணடைந்தது, ஆகஸ்டில் ஜப்பானும் விழுந்தது, ஆனால் அவன் வரவில்லை. "சீக்கிரம்" என்ற சொல்லை அவள் இனி நம்பமாட்டாள். தேதி சொல்ல அவனுக்கு வழியில்லை. அவன் கையில் இருந்தது ஒரு எண் மட்டும்தான். அதைத்தான் அவன் எழுதியிருப்பான்.

அமெரிக்கத் தரைப்படை யாரை முதலில் அனுப்புவது என்பதற்குப் புள்ளிக் கணக்கு வைத்திருந்தது. 1940 செப்டம்பர் 16-க்குப் பிறகு படையில் இருந்த ஒவ்வொரு மாதத்துக்கும் ஒன்று. அதில் கடல்கடந்து இருந்த ஒவ்வொரு மாதத்துக்கும் மேலும் ஒன்று. கலந்துகொண்ட ஒவ்வொரு போர்முனைக்கும் கொடுத்த நட்சத்திரத்துக்கும், பதக்கத்துக்கும் ஐந்து. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்குப் பன்னிரண்டு, மூன்று குழந்தை வரைக்கும். மனைவிக்கு ஒன்றும் கிடையாது. இதை உன் கதையில் அவள் ஒருமுறையாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

உன் ஆளுக்கே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1942 நவம்பர் தொடக்கத்தில் சேர்ந்தான், 1944 மார்ச் தொடக்கத்தில் கப்பலேறினான், நார்மண்டி, வட பிரான்ஸ், ரைன்லாந்து என்று மூன்று நட்சத்திரம், அவன் கண்ணால் காணாத ஒரு கைக்குழந்தை. 1945 மே 12-ஆம் தேதிக் கணக்கில் 30, 14, 15, 12, ஆக 71. அப்போது வேண்டியிருந்தது 85. செப்டம்பர் 2-இல் மறுபடி கணக்கெடுத்தபோது 34, 18, 15, 12, ஆக 79. அன்றைக்கு வரம்பு 80!

ஒரே ஒரு புள்ளி. உன் அத்தியாயத்தைச் செப்டம்பருக்குத் தள்ளு, ராமு. கதை தானாக அங்கே வந்து நிற்கிறது. ஒரு மாதம் முன்னால் சேர்ந்திருந்தால் போதும், ஒரு பதக்கம் கிடைத்திருந்தால் போதும் என்று அவன் படுத்துக்கொண்டு கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பான். அக்டோபர் 1-இல் வரம்பு 70-க்கு இறங்கியது, நவம்பரில் 60, டிசம்பரில் 55. "எனக்கு 79, வரம்பு இறங்கிக்கொண்டே வருகிறது, ஏறாது" என்று அவன் எழுதினால் அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்று இருக்கும்.

புள்ளி சேர்ந்தவுடன் கப்பல் கிடைத்துவிடாது. புள்ளி குறைந்தவர்களைப் பிரித்தெடுத்து வேறு பிரிவில் போட்டு, நிறைந்தவர்களை ஊர் திரும்பும் டிவிஷனில் சேர்ப்பார்கள். அதனால் அவன் தோளில் கூடப் போரிட்டவர்களின் சின்னம் இல்லாமல், முன்பின் தெரியாத டிவிஷனின் சின்னம் வந்துவிடலாம். அங்கிருந்து சரக்கு வண்டி மாதிரியான ரயில் பெட்டியில் பிரான்ஸின் லு ஹாவ்ர் துறைமுகத்துப் பக்கம். அங்கே முகாம்களுக்கு சிகரெட் பெயர்கள்: லக்கி ஸ்ட்ரைக், ஓல்ட் கோல்ட், பிலிப் மோரிஸ். கூடாரமும் சேறுமாகக் கப்பலுக்குக் காத்திருப்பு. வேகமான பெரிய கப்பல் கிடைத்தால் ஒரு வாரத்தில் நியூயார்க், சின்னச் சரக்குக் கப்பலில் ஏற்றினால் இரண்டு வாரமும் ஆகலாம்.

தபாலில் இரண்டு பிழை. நீ வி-மெயிலில் நாலு பக்கம் எழுத வைத்திருக்கிறாய். வி-மெயில் ஒரே பக்கப் படிவம். அதை 16 மில்லிமீட்டர் பிலிமில் படமெடுத்து, மறுகரையில் உள்ளங்கை அளவுக்கு அச்சிட்டுக் கொடுப்பார்கள். நீளமாக எழுதுகிறவன் சாதாரணத் தாளில் எழுதி, தபால்தலை ஒட்டும் இடத்தில் கையால் "ஃப்ரீ" என்று எழுதி அனுப்புவான், படைவீரனுக்குத் தபால்செலவு கிடையாது. இரண்டாவது, உறையின் மேல் தணிக்கை அதிகாரியின் கையெழுத்து. ஐரோப்பாவில் அந்த நேரத்தில் அது இருக்காது. கடல்கடந்து வந்ததிலிருந்து தன் அதிகாரி படிப்பானே என்று அடக்கி எழுதியவன், இப்போது ஊர் பெயரைப் போட்டு, மனம் திறந்து மனைவிக்கு எழுதுகிறான். இதை விட்டுவிடாதே.

பணத்தையும் அவன் பேசியாக வேண்டும். அவளுக்கும் குழந்தைக்கும் மாதம் 80 டாலர் வருகிறது. அதில் 22 அவன் சம்பளத்தில் பிடித்தது, மீதி அரசாங்கம் போடுவது. அவன் வீடு திரும்பினால் அது நின்றுபோகும். வரவேண்டும் என்றும் இருக்கும், வந்தால் என்ன செய்வது என்றும் இருக்கும் அவளுக்கு. அதற்கு அவன் பதில்: விடுவிப்புத் தொகை 300 டாலர், நூறு நூறாக மூன்று தவணை, முதல் நூறு கையோடு. வேலை கிடைக்காவிட்டால் வாரம் 20 டாலர், 52 வாரம் வரைக்கும். 1944 சட்டம் கொடுத்தது அது.

கடைசிக் கட்டம் அநேகமாக இந்தியானாவில் கேம்ப் ஆட்டர்பரியில் நடக்கும். எல்லாம் ஒழுங்காகப் போனால் இரண்டு நாள். மருத்துவப் பரிசோதனை, செய்த வேலைகளை எழுதிக்கொள்ளும் பேட்டி, சம்பளக் கணக்கு, மைலுக்கு ஐந்து சென்ட் வழிச்செலவு. சட்டையின் வலது பைக்கு மேலே ஒரு கழுகுச் சின்னத்தைத் தைத்துவிடுவார்கள், சீருடையில் இருந்தாலும் படையை விட்டு வந்தவன் என்று தெரிவதற்காக. கழுகு வாத்து மாதிரி இருந்ததால் வீரர்கள் அதைக் "குடல் இறங்கிய வாத்து" என்றார்கள். விடுவிப்புத் தாளில் 55-ஆம் கட்டத்தில், குறிப்புகள் என்ற தலைப்பின் கீழ், அவன் புள்ளியைத் தட்டச்சு செய்திருப்பார்கள். உன் ஆளுக்கு 79.

இன்னொன்று. கப்பலுக்குப் புறப்பட்டுவிட்டால் அவள் எழுதும் கடிதம் அவன் பின்னாலேயே முகாம் முகாமாக அலைந்து, கடைசியில் அவளிடமே திரும்பி வரும். அதனால் கிளம்பும் சமயத்தில் எழுதும் கடிதத்தில் ஒரு வரி இருக்கும்: "இனி எனக்கு எழுதாதே." இத்தனை காலமாகக் கடிதத்தை மட்டுமே நம்பியிருந்தவள் அதைப் படித்ததும் ஒரு கணம் திக்கென்று ஆகும், அடுத்த கணம்தான் விளங்கும். நீ மூன்று முறை எழுதிய "சீக்கிரம்" இருந்த இடத்தில் இந்த ஒரு வரியைப் போடு.

திருத்தியதும் அனுப்பு. மதினிக்கு என் அன்பைச் சொல்.

உன்,
சேது