லோவெல் மில் பொண்ணுங்க வாயில்லாப் பூச்சிங்க இல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

அமெரிக்கால தொழிற்புரட்சி வந்த கதைய போன இதழ்ல போட்டிருந்தீங்க, நல்லாவே இருந்துச்சு. ஆனா மாசசூசெட்ஸ் மாகாணத்து லோவெல் ஊர்ல இருந்த துணி மில்லுங்கள பத்தி சொல்ற இடத்துல, கிராமத்து பொண்ணுங்களுக்கு முதலாளிங்க சம்பளம் குடுத்தாங்க ஹாஸ்டல் குடுத்தாங்கன்னு சொல்லிட்டு அப்படியே ரயில்வேக்கு போயிட்டீங்க, அதுதான் மனசுக்கு ஒப்பல.

சம்பளம் குடுத்தது நிஜம்தான். நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட் பண்ணை வீடுகள்ல இருந்து வந்த பொண்ணுங்க கைல சொந்தக் காசு பொழங்குச்சு, அத நான் கொறச்சு பேசல. ஆனா மணி அடிச்சா எழுந்து ஓடணும், வாரத்துக்கு 70 மணி நேரத்துக்கு மேல வேலை, நூல் அறுந்துடக்கூடாதுன்னு ஜன்னல சாத்தியே வெச்சிருப்பாங்க, அந்த புழுக்கத்துல பஞ்சுத் தூசிய இழுத்துக்கிட்டே நிக்கணும், ராத்திரி 10 மணிக்கு விடுதிய பூட்டிடுவாங்க. கம்பெனி நல்லபடியா சீட்டு குடுத்து அனுப்பலன்னா ஊர்ல வேற எந்த மில்லுலயும் சேத்துக்க மாட்டாங்க.

அப்படி இருந்தும் 1834ல கூலிய கொறச்சப்போ வேலைய நிறுத்துனாங்க, 1836ல விடுதி கட்டணம் ஏறுனப்போ திரும்பவும் எறங்குனாங்க. அந்த 1836 நிறுத்தத்துல ஹாரியட் ஹான்சன்னு ஒரு மில் பொண்ணு, வயசு 11. மில்லுல அவ வேலை பாத்த ரூம்ல பெரியவங்க எல்லாம் போலாமா வேணாமான்னு தயங்கி நிக்க, யார் வந்தாலும் வராட்டியும் நான் போறேன்னு இவ முதல் ஆளா நடக்க ஆரம்பிச்சா, திரும்பி பாத்தா பின்னாடி மொத்த ரூமும் வருது. பழி விழுந்தது கம்பெனி விடுதிய நடத்திட்டிருந்த அவ அம்மா மேல, பாவம் விதவை, பெரிய பொண்ணுங்கள தடுக்க முடியலன்னாலும் சொந்த மகள அடக்கியிருக்கலாமேன்னு சொல்லி அந்த வேலைய புடுங்கிட்டாங்க.

அப்புறம் சாரா பேக்லி, அவங்களும் லோவெல் மில்லுல வேலை பாத்தவங்கதான். 10 மணி நேர வேலை கேட்டு கையெழுத்து திரட்டி, 1845ல சட்டசபை கமிட்டி முன்னாடி போய் சாட்சியே சொன்னாங்க, கமிட்டி கைய விரிச்சிடுச்சு. அந்த மாகாணத்துல பெண்களுக்கு 10 மணி நேர சட்டம் வர 1874 ஆயிடுச்சு!

இன்னொண்ணு, அந்த மில்லுல ஓடுன பஞ்சு தெற்குல அடிமைங்க பறிச்சது, நெஞ்ச முரட்டுத் துணில ஒரு பங்கு அதே அடிமைங்களுக்கு உடுப்பா திரும்பி போச்சு. இதுக்கு உங்க கட்டுரைல ஒரு வரி கூட இல்ல.

முதலாளிங்க பேரு நாலு இடத்துல வருது, பொண்ணுங்க பேரு ஒண்ணு கூட காணோம். தொடர் புத்தகமா வரும்போதாவது ஹாரியட், சாரா ரெண்டு பேரையும் சேத்துடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ராஜபாளையம்