மீண்டும் நடக்காத கணத்தை எந்தக் கேமராவிடம் ஒப்படைப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஃபிலிம் கேமராக்கள் மீண்டும் புழக்கத்துக்கு வருவது குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். திருமணங்கள், பணி நிறைவு விழாக்கள், பரிசளிப்பு விழாக்கள் ஆகியவற்றைப் படமெடுப்பதையே இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொழிலாகக் கொண்டவன் நான். இன்றும் இருவகைக் கேமராக்களையும் தோளில் மாட்டிக்கொண்டுதான் அரங்கத்துக்குள் நுழைகிறேன். கட்டுரையாளர் சொல்வதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடானதே. ஆயினும் ஃபிலிமில் எடுப்பதே உண்மையான படம், டிஜிட்டல் என்பது சோம்பலுக்குக் கிடைத்த வசதி என்ற தொனியில் அவர் முடித்திருப்பது, இத்தொழிலுக்குப் புதிதாக வரும் இளைஞர்களையும் அவர்களை நம்பி நிகழ்ச்சியை ஒப்படைக்கும் குடும்பங்களையும் தவறான முடிவுக்கு இட்டுச் சென்றுவிடும் என்று அஞ்சுகிறேன்.

என் அச்சத்துக்குக் காரணம் என் சொந்த அனுபவம். ஒரு திருமணத்தில் மணமக்கள் பதிவேட்டில் கையெழுத்திட்டு முடித்ததும், சன்னல் வழியாக வந்த வெளிச்சம் மிக அழகாக இருந்ததால், பெரியவர்கள் அவர்களை வாழ்த்திய அடுத்த கால் மணி நேரத்தை ஃபிலிமில் மட்டுமே எடுத்தேன். அதற்குச் சற்று முன்புதான் அவசர அவசரமாக ரோல் மாற்றியிருந்தேன். ஃபிலிமை அடுத்த படத்துக்கு நகர்த்தும் லீவரைத் தள்ளும்போதெல்லாம், கேமராவின் இடப்பக்கம் மேலே இருக்கும் ரீவைண்டு கைப்பிடியும் தானாகச் சுழல வேண்டும்; அது சுழன்றால்தான் ஃபிலிம் உள்ளே நகர்கிறது என்று பொருள். அன்று அதைக் கவனிக்கத் தவறினேன். ஷட்டர் ஒவ்வொரு முறையும் உரிய ஓசையோடு திறந்து மூடியது. எண்காட்டியும் ஒழுங்காக ஏறிக்கொண்டே வந்தது. அது 36ஐத் தாண்டி 38ஐக் காட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. ஃபிலிமின் நுனி சுருள் தண்டில் மாட்டாமல் நழுவி, ஒரு படத்தின் அளவுகூட நகராமல் நின்றிருந்தது. மணமகளின் கன்னங்களை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு, எதுவும் பேச முடியாமல் நின்ற பாட்டியின் முகம் எந்தப் படத்திலும் இல்லை. அந்தக் குடும்பத்திடம் நேரில் சென்று அதைச் சொன்ன நாளை என்னால் மறக்க இயலாது.

மீண்டும் நடக்காத எதையும் ஃபிலிமில் மட்டும் எடுப்பதில்லை என்று அன்று முடிவு செய்தேன். டிஜிட்டலும் என்னைக் கைவிட்டதுண்டு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு விழாவின் பிற்பகல் முழுவதும் பதிவாகியிருந்த மெமரி கார்டை எந்தக் கணினியும் படிக்க மறுத்தபோது, அதே பிற்பகலில் எடுத்திருந்த மூன்று ரோல் நெகட்டிவ்கள்தாம் என் பெயரைக் காப்பாற்றின. இப்போது இரண்டு கார்டுகள் போடும் வசதியுள்ள கேமராவை மட்டுமே பயன்படுத்துகிறேன். ஒவ்வொரு படமும் இரண்டிலும் பதிவாகிறது. டிஜிட்டலில் பிழை நேர்ந்தால் பெரும்பாலும் அந்த இடத்திலேயே திரையில் தெரிந்துவிடும், திருத்திக்கொள்ளலாம். ஃபிலிமில் நேரும் பிழையோ, விழா முடிந்து, விருந்தினர் கலைந்து, ஃபிலிம் கழுவும் லேபிலிருந்து ரோல் திரும்பி வரும்போதுதான் தெரியும். கட்டுரையாளர் வசதி என்று குறிப்பிடுவது இதைத்தான் என்றால், அந்த வசதி எனக்குரியது என்பதைவிட அந்தக் குடும்பத்துக்குரிய பாதுகாப்பு என்றே கொள்வேன்.

இரண்டும் வெளிச்சத்தை எதிர்கொள்ளும் விதமே வேறு. ஒரே விழாவில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கையாள்பவர் இதை உடம்பில் ஏற்றிக்கொள்ள வேண்டும். கலர் நெகட்டிவ் ஃபிலிமுக்கு ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, வெளிச்சம் கொடுத்தாலும் தாங்கும். வெளிச்சம் குறைந்தால் நிழற்பகுதிகள் சேறுபோல் கலங்கி, எந்த லேபாலும் மீட்க முடியாதபடி ஆகிவிடும். டிஜிட்டலில் நிலைமை நேர்மாறானது. கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் எடுத்திருந்தால் இருண்ட பகுதியை ஓரளவு மேலே கொண்டுவந்துவிடலாம். ஆனால் மேடை விளக்கின் கீழ் வெள்ளை உடையின் மடிப்புகள் ஒருமுறை வெளுத்துப் போய்விட்டால் அங்கே மீட்பதற்கு எதுவுமே இருக்காது. ஆகவே ஒரே மேடையை, ஒரே நிமிடத்தில், ஃபிலிமில் நிழலைப் பார்த்தும் டிஜிட்டலில் வெண்மையைப் பார்த்தும் அளக்கிறேன். பகல் வெளிச்சத்திலும் பெரிய சன்னல்களின் அருகிலும் ஃபிலிம் தரும் தோல் நிறத்துக்கு இன்றும் என் மனம் மயங்குகிறது. விளக்குகளைத் தணித்துவிட்ட இரவு அரங்கத்தில் 400 ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்தை உணரும் திறனின் அளவு) ஃபிலிமை வைத்துக்கொண்டு போராடுவது வேறு விஷயம். லேபில் கூடுதல் நேரம் கழுவச் சொல்லி குறைந்த வெளிச்சத்தை ஒரு ஸ்டாப்போ இரண்டு ஸ்டாப்போ ஈடுசெய்யலாம் என்றாலும், அது முழு ரோலுக்கும் பொருந்துமே தவிர இருட்டில் எடுத்த நான்கு படங்களுக்கு மட்டும் பொருந்தாது. டிஜிட்டலிலோ அடுத்த படத்துக்கே 6400 ஐ.எஸ்.ஓ.வுக்கு மாறிவிடலாம்.

36 படங்கள் மட்டுமே இருப்பதால் ஃபிலிம் நம்மைப் பொறுமையாக இருக்கவைக்கிறது என்ற கட்டுரையாளரின் கருத்து முற்றிலும் சரி. ஒரு பணி நிறைவு விழாவில் ரோலில் ஒரே ஒரு படம் மீதமிருந்ததால், கைதட்டல் முழுவதும் கேமராவை உயர்த்தாமல் காத்திருந்தேன். கைதட்டல் ஓய்ந்து எல்லோரும் அமர்ந்த பிறகு, மேடையில் தனியாக நின்றவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைக்கத் தொடங்கினார். அந்தப் படத்தைத்தான் அவர் குடும்பம் பெரிதாக அச்சிட்டு வைத்திருக்கிறது. ஆனால் அதைத் தந்தது காத்திருப்பு. டிஜிட்டல் கேமராவைப் பிடித்துக்கொண்டும் அப்படிக் காத்திருக்க முடியும் என்பதை அன்றுதான் கற்றேன்.

டிஜிட்டல் அண்மைக்காலச் சோம்பலில் பிறந்ததன்று என்பதையும் குறிப்பிட வேண்டும். கோடாக் பொறியாளர் ஸ்டீவன் சாசன் 1975இல் உருவாக்கிய முதல் டிஜிட்டல் கேமரா, ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை கேசட் நாடாவில் பதிய 23 வினாடிகள் எடுத்துக்கொண்டது. ஏறத்தாழ 27 லட்சம் புள்ளிகள் கொண்ட நிக்கான் டி1 கேமரா 1999இல் வந்தபோது, அன்றைய படத்தை அன்றே அனுப்ப வேண்டிய பத்திரிகைப் புகைப்படக்காரர்களுக்கு அது பெரும் வரமாக அமைந்தது. மறுபுறம், ஃபிலிம் கேமராக்களில் லைக்கா எம்6 2022இல் மீண்டும் தயாரிப்புக்கு வந்ததும், பென்டாக்ஸ் 17 2024இல் வெளியானதும் எனக்கும் மகிழ்ச்சியே. இருப்பினும் நிகழ்ச்சிகளுக்கு நம்பி எடுத்துச் சென்ற கேனான் இஓஎஸ்-1வி 2018இலும், நிக்கான் எஃப்6 2020இலும் விற்பனையிலிருந்து நிறுத்தப்பட்டுவிட்டன. இன்று இளைஞர்கள் வாங்கும் ஃபிலிம் கேமராக்களில் பெரும்பாலானவை அவர்களைவிட வயதில் மூத்தவை. அவற்றின் ஷட்டர் வேகத்தைச் சோதிக்காமல், ஒரு ரோலாவது எடுத்துக் கழுவிப் பார்க்காமல், பிறர் வீட்டு விழாவுக்குக் கொண்டு செல்லலாகாது.

எடுத்த ரோலைத் தாமதமின்றிக் கழுவுவதும் அவ்வளவு முக்கியம். தனக்கென்று தனிக் கழுவும் முறை கொண்ட கோடாக்ரோம் வண்ண ஃபிலிமைக் கழுவிக்கொண்டிருந்த கடைசி லேப், அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் பார்சன்ஸ் என்ற ஊரில் இருந்தது. 2010 டிசம்பர் இறுதியோடு அது புதிய ரோல்களை ஏற்பதை நிறுத்தியதும், எங்கெங்கோ இழுப்பறைகளில் தங்கிவிட்ட ரோல்களை அவற்றுக்குரிய வண்ணத்தில் காணும் வழி அடைபட்டது. கலர் நெகட்டிவைக் கழுவும் சி-41 முறை 1972 முதல் இன்றுவரை தொடர்வது நம் நற்பேறு.

என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. ஃபிலிமில் எடுக்கச் சொல்லி விரும்பிக் கேட்கும் குடும்பங்களில் பல, ஸ்கேன் செய்த படங்கள் கைப்பேசிக்கு வந்ததுமே நிறைவடைந்துவிடுகின்றன. நெகட்டிவ் எங்கே என்று கேட்பதில்லை. கேட்காவிட்டால் அதைக் குப்பையில் போட்டுவிடும் லேப்களும் உண்டு. ஸ்கேனோடு மட்டும் நின்றுவிட்டால் கையில் மிஞ்சுவது இன்னொரு டிஜிட்டல் ஃபைல்தான். ஆகவே நிகழ்ச்சி நடத்துவோர் முன்பணம் கொடுக்கும் அன்றே புகைப்படக்காரரிடம் மூன்றைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டுகிறேன்: எந்தெந்தத் தருணங்கள் ஃபிலிமில் வரும், அதே தருணங்களை டிஜிட்டலிலும் எடுப்பவர் யார், நெகட்டிவ்கள் எந்தத் தேதிக்குள் எங்கள் கைக்கு வரும். தங்கள் இணைப்பில் இப்பொருள் குறித்து மேலும் எழுதுவதாயின், இக்கேள்விகளையும் வாசகர்களிடம் கொண்டுசேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
நிகழ்ச்சிப் புகைப்படக்காரர் ஒருவர்