பேய்க்கதை வேறு, காணாமற்போனவர் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு பதிப்பில் வந்த, மலேசியாவின் கேமரன் மலைப் பேய்க்கதைகளை ஆர்வத்துடன் படித்தேன். ஆயினும் ஜிம் தாம்சனையும் 'ஆவி இழுத்துக்கொண்டது' என்று எழுதியது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. தாய்லாந்துப் பட்டுத்துணியை உலகறியச் செய்த அந்த அமெரிக்கர், 1967 மார்ச் 26ஆம் நாள் பிற்பகலில், தாம் விருந்தினராகத் தங்கியிருந்த பங்களாவில் சிகரெட்டையும் லைட்டரையும் வைத்துவிட்டு வெளியே சென்றவர். காவல்துறையினர், இராணுவத்தினர், காட்டுத் தடம் அறிந்த ஓராங் அஸ்லி எனும் பழங்குடி மக்கள் எனப் பலர் தேடியும் உடல் கிடைக்கவில்லை. கடத்தல், புலி, விபத்து என்று ஊகங்கள் உண்டு, சான்றுதான் இல்லை.

தேயிலைத் தோட்டத்துக் கதைகளின் மணமே வேறு. அம்மலையில் கொழுந்து பறித்த என் பாட்டி, மூடுபனி இறங்கிய காலைகளில் காட்டோரத்து முனியாண்டி கல்லுக்குச் சூடம் கொளுத்திய பிறகே கூடையை மாட்டுவார். பின்னாலிருந்து யார் பெயர் சொல்லி அழைத்தாலும் மூன்றாம் முறை கேட்கும்வரை திரும்பமாட்டார். (அதே வழக்கத்தை வகுப்பறையில் கடைப்பிடித்து நான் அடி வாங்கியதும் உண்டு.) லயங்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) வாழ்ந்த முதியவர்களிடம் இவற்றைக் கேட்டு, தோட்டத்தின் பெயரோடும் காலத்தோடும் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு