ஆத்திர அவசரத்துக்கு

நங்கநல்லூர், சென்னை
9.11.2025

அன்புள்ள வசந்திக்கு,

ஆத்திர அவசரத்துக்கு எவ்வளவு பணம் ஒதுக்கலாம் என்று கேட்ட உன் கடிதம் வியாழக்கிழமை கைக்கு வந்தது. போனில் கேட்டிருந்தால் "அஞ்சு லட்சத்தைத் தனியா வச்சுக்கோ, மிச்சத்தை அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு மாவு மிஷினுக்குக் கிளம்பியிருப்பேன். நீ நாலு பக்கம் எழுதியிருக்கிறாய், அதுவும் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு எழுதியதே போன்ற குண்டுக் கையெழுத்தில். நான் மட்டும் போனில் தப்பித்தால் நன்றாகவா இருக்கும்?

இங்கே எல்லோரும் சௌக்கியம். மாமியாருக்கு எண்பத்தொன்று நடக்கிறது, முட்டிவலியைத் தவிர பெரிய குறை இல்லை. காலையில் பேப்பர் வந்ததும் முதலில் தங்கம் விலையைத்தான் பார்க்கிறார். வாங்கப் போவதில்லை, பெருமூச்சு விட ஒரு சாக்கு வேண்டும். மகள் இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம். இவர் அதே அம்பத்தூர் கம்பெனிதான். வடகிழக்குப் பருவமழை தொடங்கினாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். ஏனென்று உனக்குத் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் 27-லிருந்து அமெரிக்காவில் நம் சரக்குக்கு 50 சதவீத வரி என்றானதும், திருப்பூர் என்று பேப்பரில் எங்கே பார்த்தாலும் நான் அண்ணன் என்று கூப்பிடும் உன் வீட்டுக்காரரைத்தான் நினைத்துக்கொள்வேன். தீபாவளி போனஸையே இரண்டு தவணையாகக் கொடுத்தார்கள் என்று நீ எழுதியதைப் படித்தபோது கஷ்டமாக இருந்தது. அம்மா வீட்டுப் பங்கு எட்டு லட்சம் உனக்கு வந்து சேர்ந்ததும் இந்த நேரத்தில்தான். அண்ணன் வீட்டுக் கடனை அடைக்கச் சொல்கிறார், தம்பி மியூச்சுவல் ஃபண்டில் போடச் சொல்கிறான், நாத்தனார் நகை வாங்கச் சொல்கிறாள். ஆத்திர அவசரத்துக்கு எவ்வளவு ஒதுக்கினால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நீ என்னைக் கேட்கிறாய். பொருளாதாரமெல்லாம் எனக்குத் தெரியாதுடி. நாலு தடவை அடிபட்டிருக்கிறேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

2015-இல் ஜாபர்கான்பேட்டையில் தரைத்தளத்தில் குடியிருந்தோம். டிசம்பர் 1 ராத்திரி அடையாற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்த கதையை நூறு தடவை கேட்டிருப்பாய். அதில் உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. மாடி வீட்டில் ஒண்டியிருந்த மறுநாள் காலை என் பர்ஸில் இருந்தது 340 ரூபாய். வங்கிக் கணக்கில் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தது. கரண்ட் இல்லை, டவர் இல்லை, முழங்கால் தண்ணீரில் நடந்து போய்ப் பார்த்த மூன்று ஏடிஎம்மும் இருட்டாகக் கிடந்தன. தெருமுனையில் ஒருவன் அரை லிட்டர் பால் பாக்கெட்டை நூறு ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தான். மூன்று பாக்கெட் வாங்கினால் என் கையிருப்பு காலி. மாமியார் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்தார். பத்து, இருபது, ஐம்பது, நூறு, எல்லாம் நாலாக மடித்து, வெற்றிலை வாசனையோடு, மொத்தம் 2,700 ரூபாய். மளிகைக் காசில் மிச்சம் பிடித்த சிறுவாட்டுப் பணம். மேல்வீடு, கீழ்வீடு இரண்டு குடும்பமும் நாலு நாள் அதில்தான் சாப்பிட்டோம்.

இனி வீட்டில் ரொக்கம் இல்லாமல் இருக்கவே கூடாது என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். அரிசி டிரம்முக்குள் பிளாஸ்டிக் கவரில் சேர்த்தேன். பதினோரு மாதம் நன்றாகத்தான் போயிற்று. 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 செல்லாது என்று டிவியில் சொன்னார்களா, என்னிடம் இருந்த 18,000-மும் பெரிய நோட்டு. பக்கத்தில் மாமியார் உளுந்து டப்பாவைக் கவிழ்த்தார். அதிலிருந்து விழுந்தவை இருபத்துமூன்று ஐநூறு. இத்தனை வருடம் மகனுக்குத் தெரியாமல் காத்த ரகசியம், சமையலறைத் தரையில் உளுந்தோடு கொட்டிக் கிடந்தது. "இதுக்குப் புடிச்சுட்டுப் போயிடுவாங்களா?" என்று கேட்டார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பணத்தை மாற்ற வரிசையில் நின்று கால் வீங்கியதோடு போகவில்லை, டிசம்பர் 12-இல் வர்தா புயல் வந்தது. ஏற்கெனவே காசில்லாத ஏடிஎம்முக்கு இப்போது கரண்டும் இல்லை.

ரொக்கம் காப்பாற்றிய அடுத்த வருடமே ரொக்கம் காலை வாரிவிட்டது பார். அதனால்தான் எவ்வளவு என்பதைவிட எங்கெங்கே என்பதுதான் எனக்கு முதல் கேள்வியாகத் தோன்றுகிறது.

2020 வேறு மாதிரி. ஏப்ரலிலிருந்து ஐந்து மாதம் இவருக்குப் பாதிச் சம்பளம். வீட்டுக் கடனுக்குத் தவணையைத் தள்ளிப்போடலாம் என்று ரிசர்வ் வங்கி முதலில் மூன்று மாதம், பிறகு ஆகஸ்ட் கடைசிவரை அனுமதித்ததே, நினைவிருக்கிறதா? கையில் பணமில்லாததால் ஆறு மாதமும் தள்ளிவைத்தோம். தள்ளிவைத்த மாதங்களின் வட்டி அசலோடு சேர்ந்துகொண்டது. எங்களுக்கு அப்போது 14 லட்சம் பாக்கி, தவணை 19,500. ஆறு மாதம் கட்டாமல் இருந்ததற்குக் கடன் முடியும் தேதி ஏறக்குறைய ஒரு வருடம் தள்ளிப் போய்விட்டது. தள்ளிவைத்த தொகை ஒரு லட்சத்துப் பதினேழாயிரம்தான். அவ்வளவு கையில் இருந்திருந்தால் அந்த வருடமே மிச்சம். இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றெரிச்சல்.

நாலாவது அடி, அப்பா விழுந்தது. ராத்திரி பதினோரு மணி, தனியார் ஆஸ்பத்திரி. காப்பீடு இருந்தது, ஆனால் ஒப்புதல் வர மறுநாள் ஆகும், இப்போது ஐம்பதாயிரம் கட்டுங்கள் என்றார்கள். பணம் இவர் கணக்கில் இருந்தது, இவர் பெங்களூரு பஸ்ஸில் இருந்தார், போன் எடுக்கவில்லை. அண்ணனோடு சேர்ந்த கணக்கு உனக்கு இருக்கிறதா? இல்லையென்றால் நாளைக்கே போய் உன் பெயரையும் சேர்த்துவிடு. இருவரில் யார் கையெழுத்துப் போட்டாலும் பணம் எடுக்கலாம் என்று இருக்க வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்து போட வேண்டும் என்று இருந்தால் பிரயோஜனம் இல்லை.

இப்போது உன் கணக்கு. ஆறு மாதச் சம்பளத்தை வைத்துக்கொள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சம்பளத்தை வைத்து ஏன் கணக்குப் போட வேண்டும்? வேலை இல்லாத மாதத்தில் யார் ஓட்டலுக்குப் போகப்போகிறோம்? நீ எழுதி அனுப்பிய செலவு மாதம் 45,000. அதில் நான் பென்சிலால் அடித்தேன், கோபித்துக்கொள்ளாதே. ஓடிடி சந்தா, அண்ணனின் பெட்ரோலில் பாதி, நீ "இதர" என்று எழுதி மறைத்திருக்கிறாயே அந்த நாலாயிரம் (புடவைதானே?), எல்லாம் போக 34,000 நிற்கிறது. வீட்டுத் தவணை, மளிகை, பால், கேஸ், கரண்ட், உன் சுகர் மாத்திரை, இவற்றில் கை வைக்க முடியாது.

எத்தனை மாதம் என்பது அடுத்தது. எங்களுக்கு ஒன்பது வைத்திருக்கிறேன். இவரோடு வேலை பார்த்த ஒருவருக்கு ஐம்பது வயதில் வேலை போய், அடுத்தது கிடைக்க எட்டு மாதம் ஆயிற்று, அதுவும் சம்பளம் குறைத்து. உனக்கு ஒன்பது போதாது என்பது என் எண்ணம். சென்னையில் ஒரு தொழில் படுத்தால் இன்னொன்றில் ஏதாவது ஒட்டிக்கொள்ளலாம். உன் ஊரில் அண்ணன் கம்பெனிக்கு ஆர்டர் இல்லையென்றால் பக்கத்துக் கம்பெனிக்கும் இருக்காது, அவரைப்போல அனுபவமுள்ள பத்துப் பேர் ஒரே நேரத்தில் வேலை தேடிக்கொண்டு நிற்பார்கள். பன்னிரண்டு மாதம் வை. 4,08,000. தம்பிப் பையனின் காலேஜ் ஃபீஸை நீதான் கட்டுகிறாய், அது 90,000. இன்ஷூரன்ஸ் பிரீமியம் 30,000. மாதக் கணக்கில் தெரியாமல் ஒளிந்திருந்து வருடத்துக்கு ஒருமுறை வந்து கழுத்தைப் பிடிப்பவை இவைதான். எல்லாம் சேர்த்தால் 5,28,000. ஐந்தேகால் லட்சம் என்று வைத்துக்கொள்.

அதை எங்கே வைப்பது? நான் வைத்திருக்கும் விதத்தைச் சொல்கிறேன். பீரோவில் 20,000, பெரும்பாலும் நூறும் இருநூறுமாக. ஐநூறு பத்துத் தாளுக்கு மேல் இல்லை. சேமிப்புக் கணக்கில் 80,000. இதில் வட்டியை எதிர்பார்க்காதே, பெரிய வங்கிகளில் இப்போது இரண்டரை சதவீதம்தான். மிச்சம் எஃப்டி. ஆனால் ஒரே எஃப்டியாகப் போடாமல் ஐம்பதாயிரம் ஐம்பதாயிரமாக உடைத்துப் போட்டிருக்கிறேன். அவசரத்துக்கு ஒன்றை மட்டும் முறித்தால் அந்த ஒன்றுக்குத்தான் வட்டி குறையும், மற்றவை பாட்டுக்கு இருக்கும். இரண்டு வங்கியாகப் பிரித்துக்கொள். ஒரு வங்கி திவாலானால் ஒருவருக்கு ஐந்து லட்சம்வரைதான் காப்பீடு, 2020 பிப்ரவரிவரை அது ஒரு லட்சமாகத்தான் இருந்தது. அடுத்த மாதமே ஒரு தனியார் வங்கியில் ஐம்பதாயிரத்துக்கு மேல் எடுக்க முடியாது என்று தடை போட்டார்கள். இரண்டு வாரம்கூட இல்லை, டெபாசிட் போட்ட யாருக்கும் பணம் போகவில்லை. ஆனால் அந்த நாட்களில் யார் வீட்டில் கல்யாணமோ.

தம்பி சொல்வதில் தப்பில்லை, ஆனால் இந்தப் பணத்துக்கு அது இடம் இல்லை. 2020 ஜனவரியில் 42,000-ஐ ஒட்டி இருந்த சென்செக்ஸ் என்ற பங்குச்சந்தைக் குறியீடு மார்ச் 23-ஆம் தேதி 26,000-க்கு இறங்கியிருந்தது. ஏப்ரலில்தான் இவருக்குச் சம்பளம் பாதியானது. பிறகு ஏறியது வாஸ்தவம். ஆனால் எங்களுக்கு அரிசி வாங்க வேண்டியிருந்தது ஏப்ரலில்.

நாத்தனாருக்கு நீயே பதில் சொல்லிக்கொள். தங்கம் இவ்வளவு விலை விற்கிற நேரத்தில் செய்கூலி, சேதாரம் கொடுத்து வாங்கி, அவசரத்துக்கு விற்றால் அவையெல்லாம் திரும்பி வராது. ஏற்கெனவே இருக்கிற நகை கடைசிக் கைகாவலாக இருக்கட்டும். அடகு வைக்கவென்றால் வளையல்தான் சௌகரியம், கல் வைத்த நெக்லஸில் கல்லின் எடையைக் கழித்துவிடுவார்கள். ஏலச்சீட்டு சேரலாமா என்று ஓரத்தில் எழுதிவிட்டு அடித்திருக்கிறாய். அடித்ததே சரி. வருமானம் நின்றாலும் மாதாமாதம் கட்டியாக வேண்டிய இன்னொரு பொறுப்பு இப்போது எதற்கு?

அண்ணனிடம் மட்டும் நான் முழுசாகச் சண்டை போட மாட்டேன். மிச்சம் இரண்டே முக்கால் லட்சத்தைக் கடனில் கட்டட்டும். ஆனால் எட்டையும் கட்டிவிட்டு, நாலு மாதம் கழித்து வேலை போன பிறகு, "கொஞ்சம் திருப்பிக் கொடுங்க" என்று வங்கியில் போய் நிற்க முடியாது. கட்டும்போது ஒன்று கேட்கச் சொல். வழக்கமாகத் தவணைத் தொகையை அப்படியே வைத்துக் கடன் காலத்தைக் குறைப்பார்கள். வட்டி மிச்சமாவது அதில்தான் அதிகம். ஆனால் இந்த வருடத்துக்கு நீங்கள் தவணைத் தொகையைக் குறைக்கச் சொல்லுங்கள். அந்த 34,000-லேயே இரண்டோ மூன்றோ குறையும். நல்ல காலம் வந்தால் கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்று மறந்தே போனேன். உங்கள் மருத்துவக் காப்பீடு அண்ணன் கம்பெனி கொடுத்தது என்றாய். வேலை போனால் அதுவும் கூடவே போகும். உனக்குச் சுகர் வேறு இருக்கிறது, தனியாக எடுத்தால், ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் கொஞ்ச காலம் பணம் தராத காத்திருப்புக் காலம் என்று ஒன்று வைப்பார்கள். அது ஓடி முடிய வேண்டுமானால் இப்போதே எடுக்க வேண்டும். செப்டம்பர் 22-லிருந்து தனிநபர் பாலிசிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியை எடுத்துவிட்டார்கள், அந்த மட்டில் லாபம். சுகரை மறைக்காமல் எழுது.

அப்புறம், இந்தப் பணம் இருப்பது உன் நாத்தனாருக்கோ தம்பிக்கோ தெரிய வேண்டாம். போன வருடம் ஒரு சொந்தக்காரருக்கு 30,000 கைமாத்தாகக் கொடுத்தேன், "அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி" என்றார். எந்த வருடத்து ஒண்ணாந்தேதி என்று நான் கேட்டுவைக்கவில்லை.

மார்கழியில் நாலு நாள் வந்து போ. மயிலாப்பூரில் சபா கேன்டீன் டிபன் சாப்பிட்டு எத்தனை வருடமாயிற்று. அந்தச் செலவை நான் பென்சிலால் அடிக்க மாட்டேன்.

அன்புடன்,
கீதா

பி.கு: இதை எழுதும்போது மாமியார் என்ன எழுதுகிறாய் என்று கேட்டார், சொன்னேன். உள்ளே போய்ச் சுருக்குப்பையை எடுத்து எண்ணிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். எவ்வளவு என்று கேட்டதற்கு, "உனக்கெதுக்கு?" என்கிறார்.