'கெமிஸ்ட்ரி' வானத்திலிருந்து விழுவதில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம்.

ஹாலிவுட்டின் இரட்டைப் போலீஸ் படங்களுக்கு, அதாவது ஒத்துப்போகாத இருவர் சேர்ந்து ஒரு வழக்கை முடிக்கும் 'பட்டி காப்' படங்களுக்கு, விமர்சனம் எழுதும்போது ஒரு சொல் தவறாமல் வந்துவிடுகிறது: கெமிஸ்ட்ரி. படம் பிடித்திருந்தால் இருவருக்கும் இடையே கெமிஸ்ட்ரி ஒர்க் அவுட் ஆகியிருக்கிறது என்கிறார்கள். பிடிக்காவிட்டால் ஆகவில்லை என்கிறார்கள். ஏன் ஆனது, ஏன் ஆகவில்லை என்ற கேள்வியே எழுவதில்லை. ஏதோ ஜாதகப் பொருத்தம் போல, அமைந்தால் உண்டு என்கிற தொனி. அந்தப் பொருத்தத்தை எழுத்திலும் படப்பிடிப்பிலும் எடிட்டிங் மேஜையிலும் உட்கார்ந்து செய்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்த வேலையைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு எளிய சோதனை. படத்தில் இருவரும் எதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்று கவனியுங்கள். ஒருவர் பாட்டைச் சத்தமாக வைக்கிறார், மற்றவருக்குப் பிடிக்கவில்லை. ஒருவர் சுத்தக்காரர், மற்றவர் அழுக்கு. சண்டை இதோடு நின்றால் அரை மணி நேரத்தில் அலுத்துவிடும். சாட்சியை மிரட்டுவதா, நயமாகப் பேசுவதா? கதவைத் தட்டுவதா, உடைப்பதா? இப்போதே பிடிப்பதா, இன்னும் ஒரு நாள் பின்தொடர்வதா? சண்டை இப்படி வேலையைப் பற்றியதாக இருந்தால், ஒவ்வொரு வாக்குவாதமும் வழக்கை ஓர் அடி நகர்த்தும், அல்லது கெடுக்கும். சிரிப்பும் கதையும் ஒரே வசனத்தில் நடக்கும். இல்லாவிட்டால் பத்து நிமிடம் சிரிப்பு, பத்து நிமிடம் சுடுதல் என்று படம் இரண்டாகப் பிளந்துபோகும். படுத்துப்போன படங்களில் பாதிக்கு மேல் இந்த நோய்தான்.

1982-இல் வால்டர் ஹில் இயக்கிய '48 ஹவர்ஸ்' இதற்கு நல்ல பாடம். சிறையிலிருந்து தப்பிய கேன்ஸ் என்ற கொலைகாரனைப் பிடிக்க, அவனுடைய பழைய கூட்டாளி ரெஜி ஹேமண்டை 48 மணி நேரத்துக்கு மட்டும் சிறையிலிருந்து வெளியே எடுக்கிறார் சான் பிரான்சிஸ்கோ போலீஸ்காரர் ஜாக் கேட்ஸ். கேன்ஸின் கையில் இருப்பது கேட்ஸிடமிருந்து பறித்த துப்பாக்கி. அந்த அவமானம் அவரை ஓட்டுகிறது. ரெஜிக்கோ தன் கார் டிக்கியில் ஒளித்துவைத்த ஐந்து லட்சம் டாலர் போய்விடக் கூடாது. இருவருக்கும் தேவை ஒரே ஆள், காரணம் வேறு வேறு. தன் காரணத்தை ரெஜி வெளியே விடமாட்டான். அதனால் இவர்கள் பேசும் ஒவ்வொரு பேச்சிலும் ஒருவர் மற்றவரிடமிருந்து ஏதோ ஒன்றைக் கறக்கப் பார்க்கிறார். படத்தின் பெயரே கடிகாரம் என்பதால் உட்கார்ந்து சமாதானம் பேச நேரமும் கிடையாது.

ரெஜியாக நடித்த எடி மர்ஃபிக்கு அது முதல் படம். வெளியானபோது வயது 21. ஆனாலும் அவர் திரையில் வரவே இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அவசரப்பட்டு அவரை முதல் காட்சியிலேயே கொண்டுவந்திருந்தால் படம் கெட்டிருக்கும். அந்த இருபது நிமிடத்தில் கேட்ஸ் எப்படி வேலை பார்ப்பவர் என்று நமக்கு முழுதாகத் தெரிந்துவிடுகிறது: அதட்டல், தள்ளல், முறைப்பு. அப்புறம்தான் அந்தப் புகழ்பெற்ற பார் காட்சி. வெள்ளைக்காரர்கள் நிறைந்த கன்ட்ரி மியூசிக் பாருக்குள் கேட்ஸின் போலீஸ் பேட்ஜை மட்டும் வைத்துக்கொண்டு நுழைகிற ரெஜி, கேட்ஸின் அதே அதட்டலைக் கையில் எடுத்து, அவரைவிட நன்றாகச் செய்துகாட்டுகிறான். கேட்ஸ் பார்த்துக்கொண்டிருக்கிறார். மர்ஃபியின் வாய் மட்டும் அந்தக் காட்சியைத் தூக்கி நிறுத்தவில்லை. முன்னால் வைத்த இருபது நிமிடம்தான் அஸ்திவாரம். கேட்ஸ் ரெஜியின் நிறத்தைச் சொல்லி இழிவாகப் பேசும் இடங்கள் இன்று கேட்கவே கூசுகின்றன. படம் அதை வேடிக்கையாக விட்டுவிடாமல் பின்னால் அவரை மன்னிப்புக் கேட்க வைக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்த வகையின் உச்சம் என்றால் ரிச்சர்ட் டோனர் இயக்கி 1987-இல் வந்த 'லீத்தல் வெப்பன்'தான். எழுதிய ஷேன் பிளாக் அப்போது இருபதுகளில் இருந்தார். ஐம்பது வயதை எட்டிய, மனைவி மக்களோடு வாழும் முர்டா. மனைவியை இழந்து, சாவைத் தேடி அலையும் ரிக்ஸ். ரிக்ஸ் பைத்தியம் போல நடித்து ஓய்வூதியம் வாங்கப் பார்க்கிறார் என்றுதான் முர்டா முதலில் நினைக்கிறார். பிறகு மாடியிலிருந்து குதிக்கப்போகும் ஒருவரோடு தன் கையையும் சேர்த்து விலங்கு மாட்டிக்கொண்டு, கீழே விரித்திருக்கும் காற்று மெத்தையில் ரிக்ஸ் குதித்துவிடுகிறார். அடுத்த காட்சியில் முர்டா அவரை உள்ளே இழுத்துப்போய், 'சாக வேண்டுமா, இந்தா' என்பது போலச் சவால் விட, ரிக்ஸ் நிஜமாகவே துப்பாக்கி விசையை அழுத்தப் போகிறார். நடிப்பு இல்லை என்று அந்த நொடியில் முர்டாவுக்குப் புரிகிறது. அதற்குப் பிறகு அவர் சொல்லும் ஒவ்வொரு புலம்பலும் சிரிப்பாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. இந்த ஆளை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு எந்த வீட்டுக்குள் எப்படி நுழைவது? இது குணத்தைப் பற்றிய சண்டை போலத் தெரியும். உண்மையில் வேலையைப் பற்றிய சண்டை.

சின்னப் பொருட்கள்கூட இந்தப் படத்தில் வேலை செய்கின்றன. முர்டாவிடம் பழைய பாணி ரிவால்வர், ரிக்ஸிடம் பதினைந்து குண்டு பிடிக்கும் பெரெட்டா பிஸ்டல். இருவரும் துப்பாக்கிகளை ஒப்பிட்டுப் பேசும் சில வரிகளிலேயே தலைமுறை இடைவெளி முழுவதும் வந்துவிடுகிறது. பின்னணி இசையில் ரிக்ஸுக்கு எரிக் கிளாப்டனின் கிட்டார், முர்டாவுக்கு டேவிட் சான்போர்னின் சாக்ஸஃபோன். இசையமைப்பாளர் மைக்கேல் கேமன் இரண்டையும் ஒரே இசைக்குள் கோத்திருப்பார். தன்னைச் சுட்டுக்கொள்ள ரிக்ஸ் எடுத்துவைத்திருந்த ஒரு தோட்டா முதல் பாதியில் வருகிறது. படம் முடியும்போது அது கிறிஸ்துமஸ் பரிசாக முர்டாவின் வீட்டு வாசலுக்கு வந்து சேர்கிறது. 'நீ என் நண்பன்' என்று யாரும் வசனம் பேச வேண்டிய தேவையே இல்லை.

நடிகர் தேர்வுக்குப் பங்கில்லை என்று சொல்லவரவில்லை. ரிக்ஸாக நடித்த மெல் கிப்சனுக்கு எதிரே முர்டாவாக டேனி குளோவரை யோசித்துச் சொன்னவர் நடிகர் தேர்வாளர் மேரியன் டோகர்ட்டி. 'பெவர்லி ஹில்ஸ் காப்' ஒரு கட்டத்தில் சில்வெஸ்டர் ஸ்டலோனுக்காகப் பேசப்பட்ட படம். அவர் விலகிய பிறகுதான் மர்ஃபி வந்தார். அதன் திரைக்கதை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது என்பதைப் பலரும் மறந்துவிட்டார்கள். சரியான ஆள் கிடைப்பது பாதி வேலை. மீதிப் பாதி கேமராவுக்குப் பின்னால் நடக்கிறது.

இந்தப் படங்களில் ஏன் இவ்வளவு நேரம் காரில் போகிறது? காருக்குள் இருவரும் எழுந்து போக முடியாது, இருவரின் முகமும் முன்பக்கம் பார்த்தபடி இருக்கும். பானெட்டில் ஒரு கேமராவைப் பொருத்தினால் பேசுகிறவர் முகமும் கேட்கிறவர் முகமும் ஒரே ஷாட்டில் கிடைக்கும். நகைச்சுவையில் சிரிப்பு வெடிப்பது பெரும்பாலும் கேட்கிறவர் முகத்தில்தான். ஒவ்வொரு வசனத்துக்கும் தனி குளோஸ்-அப் வெட்டினால், அந்த முகம் மாறும் கணத்தை எடிட்டர் முடிவுசெய்கிறார். இருவரும் ஒரே ஷாட்டில் இருந்தால் நடிகர் முடிவுசெய்கிறார். வசனம் நீளமான காட்சிகளில் காரைத் தாழ்வான டிரெய்லரில் ஏற்றி இழுத்துக்கொண்டு போய்ப் படம்பிடிப்பது வழக்கம். நடிகர் நிஜமாக ஓட்டினால் கவனம் சாலையில் போய்விடும். அதே சமயம் டிரெய்லரில் உட்கார்ந்திருக்கிற தைரியத்தில் பக்கத்து ஆளையே மூன்று நொடிக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தால், யார் ஓட்டுகிறார் என்ற சந்தேகம் பார்ப்பவருக்கு வந்துவிடும். இந்தத் தவறை இன்றும் பார்க்கலாம்.

அந்தந்த இடத்தில் வசனத்தை இட்டுக்கட்டிப் பேசுவதும் இப்படித்தான். இருவரையும் எதிரெதிராக இரண்டு கேமராக்களில் ஒரே நேரத்தில் எடுத்தால், புதிதாக வந்த வரிக்கு எதிராளி காட்டிய முதல் திகைப்பு பதிவாகும். ஒரு கேமராவை வைத்து முதலில் இவர் பக்கம், அப்புறம் அவர் பக்கம் என்று எடுத்தால், இரண்டாம் முறை அந்தத் திகைப்பு பொய்யாகத்தான் வரும். பல படங்களில் நல்ல நகைச்சுவை நடிகர்கள் இருந்தும் காட்சி தட்டையாக விழுவதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் நீளம். நான்கு வரியில் முடிய வேண்டிய வாக்குவாதத்தைப் பன்னிரண்டு வரிக்கு இழுத்தால், தேடப்படுகிறவன் அதற்குள் ஊரைவிட்டே போயிருப்பான் என்று பார்ப்பவர் மனம் கணக்குப் போட்டுவிடும்.

சண்டைக் காட்சிக்கும் இதே விதி. 1998-இல் வந்த 'ரஷ் ஹவர்' படத்தின் கடைசிச் சண்டையில் ஜாக்கி சான் எதிரிகளை அடித்துக்கொண்டே, கீழே விழப்போகும் பழங்காலச் சாடிகளையும் காப்பாற்றியாக வேண்டும். ஒரு கை அடிக்கிறது, மறு கை பிடிக்கிறது. அடியும் அதன் விளைவும் ஒரே அகலமான ஷாட்டில் தெரிந்தால்தான் அதில் சிரிப்பு வரும். நொடிக்கு ஒரு வெட்டு வெட்டினால் சாடி எங்கே இருந்தது என்றே தெரியாது. (இந்தப் படத்துக்கு எதிர்பாராத ஒரு வாரிசும் உண்டு. ஜாக்கி சான் படங்களுக்கு வரும் விமர்சனங்களைச் சேகரித்துவந்த ஒரு ரசிகர், 'ரஷ் ஹவர்' வெளியீட்டை எதிர்பார்த்துத் தொடங்கியதுதான் விமர்சனங்களைத் திரட்டித் தரும் ராட்டன் டொமேட்டோஸ் இணையதளம்.) துப்பாக்கிச் சூட்டில் கதாபாத்திரங்களுக்கு வலிக்காவிட்டால் நகைச்சுவைக்கும் எடை இருக்காது. '48 ஹவர்ஸ்' தொடக்கத்திலேயே போலீஸ்காரர்கள் சாகிறார்கள். அதற்குப் பிறகு ரெஜி அடிக்கும் ஒவ்வொரு ஜோக்கும் பயத்தின் மேல் நிற்கிறது.

தொடர்ச்சிப் படங்கள் ஏன் சப்பென்று போகின்றன என்பதற்கும் விடை இங்கேதான். முதல் படத்தின் எஞ்சின் அவநம்பிக்கை. அது கடைசிக் காட்சியில் தீர்ந்துவிடுகிறது. ரிக்ஸ் அந்தத் தோட்டாவைக் கொடுத்துவிட்ட பிறகு அவரைப் பார்த்து முர்டா பயப்பட என்ன இருக்கிறது? அதனால்தான் 1989-இல் வந்த இரண்டாம் பாகத்துக்கு ஜோ பெஷி நடித்த ஓயாத வாய்க்காரர் தேவைப்பட்டார். அந்தப் படம் தப்பித்தது. 1998-இல் வந்த நான்காம் பாகத்தில் ஆட்கள் கூடிக் கூடிக் குடும்ப விழா போல ஆகிவிட்டது. 1990-இல் வந்த '48 ஹவர்ஸ்' இரண்டாம் பாகம் அதே கெடுவை மறுபடி வைத்துப் பார்த்தது. தொடக்கத்திலேயே கோட்டைவிட்ட படத்துக்கு உதாரணம் 1989-இன் 'டேங்கோ அண்ட் கேஷ்'. ஒருவர் கோட் சூட், இன்னொருவர் ஜீன்ஸ். அதைத் தாண்டி இருவரும் ஒரே ஆள்: இருவரும் சூரர்கள், இருவரும் ஜோக் அடிப்பவர்கள். ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருக்க வேண்டும் என்ற அடிப்படைக் கணக்கே அங்கே இல்லை.

இந்த வகை 1980களில் முளைத்தது என்று எழுதுவதும் சரியல்ல. அகிரா குரோசவாவின் 'ஸ்ட்ரே டாக்' 1949-இலேயே, துப்பாக்கியைப் பறிகொடுத்த இளம் போலீஸ்காரரையும் பதற்றமில்லாத மூத்தவரையும் கோடை வெயிலில் டோக்கியோ முழுக்க அலைய வைத்தது. கறுப்பினத் துப்பறிவாளரையும் வெள்ளைக்காரப் போலீஸ் தலைவரையும் ஒரே வழக்கில் சேர்த்துவைத்து, சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய 'இன் தி ஹீட் ஆஃப் தி நைட்' வெளியானது 1967-இல். சிரிப்பு பின்னால் சேர்ந்தது. எலும்பு முன்பே இருந்தது.

பின்னால் போன தாக்கத்துக்கு ஒரே ஒரு உதாரணம் போதும். 2016-இன் 'ஜூட்டோபியா' குழந்தைகளுக்கான அனிமேஷன் படம். அதில் முயல் போலீஸுக்குக் காணாமல்போன ஒருவரைக் கண்டுபிடிக்கக் கொடுக்கப்படும் கெடு 48 மணி நேரம். அதற்காக அவள் மடக்கிப் பிடித்துக் கூட்டிப்போவது ஒரு நரி, தொழில் ஏமாற்று. முயலுக்கு நரிகள் மேல் உள்ளூர ஒரு பயமும் உண்டு. படத்தின் நடுவில் அதுவே வெளிப்பட்டு இருவரையும் பிரிக்கிறது. கேட்ஸும் ரெஜியும் அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். இனவெறி என்ற முள்ளையும் எடுத்துப்போடாமல் கொண்டுவந்திருக்கிறார்கள். அதனால்தான் நகல் என்று தோன்றவில்லை.

இந்தப் படங்களின் மீதான நியாயமான குறைகளும் உண்டு. வாரண்ட் இல்லாமல் வீடு புகுவதும் விசாரணையில் கை நீட்டுவதும் சிரிப்போடு சிரிப்பாகக் கடந்துபோகின்றன. பெண்களுக்குப் பல காலம் கடத்தப்படுகிற வேலைதான் கிடைத்தது. 2013-இல் சாண்ட்ரா புல்லக்கும் மெலிசா மெக்கார்த்தியும் நடித்த 'தி ஹீட்' பெரிய வசூல் பார்த்த பிறகும் அந்த வழியில் அதிகம் பேர் போகவில்லை. இவற்றை விமர்சனத்தில் எழுதத்தான் வேண்டும். ஆனால் படத்தைச் செய்தவர்களின் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும். 'லீத்தல் வெப்பன்' படத்தில் பணியாற்றிய ஸ்டண்ட் கலைஞர் டார் ராபின்சன், அது வெளியாகும் முன்பே வேறொரு படப்பிடிப்பில் இறந்துபோனார். படம் அவர் நினைவுக்குத்தான் சமர்ப்பிக்கப்பட்டிருக்கிறது. இத்தகைய பெயர்கள் நம் சினிமாப் பக்கங்களில் வருவதே இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த இரட்டைப் போலீஸ் படத்துக்கு விமர்சனம் வரும்போது, திரைக்கதை, எடிட்டிங், ஸ்டண்ட் ஆகிய மூன்றுக்கும் உரியவர்களின் பெயரைப் போடுங்கள். 'கெமிஸ்ட்ரி' என்று எழுத வேண்டிய இடத்தில், இருவரும் எதற்காகச் சண்டை போட்டார்கள், கடைசியில் யாருடைய வழியில் வழக்கு முடிந்தது என்ற இரண்டையாவது எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்