கிண்டி மானுக்கு நவம்பர் கணக்கு பொருந்தாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த மான் கட்டுரை, நவம்பரில் மான்கள் இணை சேரும், சினை பிடிக்காதவை டிசம்பரில் மறுபடி பருவத்துக்கு வரும், ஜனவரிக்கு மேல் கொம்பு உதிரும், அதுவரைதான் ஆண் மானிடம் எச்சரிக்கை தேவை என்று சொல்கிறது. பக்கத்திலேயே கிண்டிப் புள்ளிமானின் படம். கட்டுரையில் உள்ள கணக்கு சரியானதுதான். ஆனால் அது வட அமெரிக்க வெள்ளைவால் மானுடையது.

வெள்ளைவால் மானுக்குப் பகல் வெளிச்சம்தான் கடிகாரம். விஸ்கான்சின் போன்ற வடபகுதியில் ஜூன் மாதப் பகல் பதினைந்தரை மணி நேரம். டிசம்பரில் அது ஒன்பது மணிக்கும் கீழே இறங்கிவிடும். பகல் சுருங்கச் சுருங்க உடல் தயாராகி, நவம்பர் நடுவில் பெட்டைகள் ஏறக்குறைய ஒருசேரப் பருவத்துக்கு வரும். பருவம் நிற்பது ஒரு நாள் அளவுதான். அதில் தப்பினால், மாட்டுக்கு 21 நாளில் திரும்புவதுபோல இதற்குச் சுமார் 28 நாளில் திரும்பும். டிசம்பரின் இரண்டாவது சுற்று இதுதான். அதே வருடம் பிறந்து 30 கிலோவைத் தாண்டிவிட்ட பெட்டைக் குட்டிகளும் அப்போது முதன்முதலாகப் பருவத்துக்கு வரும். சினைக்காலம் ஏறத்தாழ 200 நாள் என்பதால் மே கடைசியிலோ ஜூனிலோ, தழை துளிர்த்திருக்கும்போது குட்டி விழும். பிந்திப் பிறந்தது அடுத்த பனிக்குள் கொழுப்புச் சேர்க்க முடியாமல் திணறும்.

அங்கே வேட்டைக்காலத்தின் கடைசியில் வேட்டைக்காரர்கள் முறையை மாற்றுவதற்கும் இதுவே காரணம். இணை தேடி அலைந்த ஆண், உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ இழந்திருக்கும். அதற்கு இனி தீனிதான் குறி. எனவே குளிர் இறுகும் மாலைகளில், அறுக்காமல் விட்ட சோள வயலின் ஓரத்தில் காத்திருப்பார்கள்.

சென்னை நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே 13 பாகையில்தான் இருக்கிறது. இங்கே மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். புள்ளிமானில் ஒவ்வொரு ஆணும் தன் கணக்கில் கொம்பு உதிர்த்து வளர்க்கும். சில மாதங்களில் இணைசேர்க்கை கூடலாமே தவிர, எந்த மாதத்திலும் முழுக்க நிற்பதில்லை. 1930களில் டெக்சாஸுக்குக் கொண்டுபோன புள்ளிமான்களும் அந்த வழக்கத்தை விடவில்லை. எந்த மாதம் போனாலும் அங்கே கெட்டிக் கொம்போடு ஓர் ஆண் நிற்கும். அங்கே வெள்ளைவால் மானுக்கு வேட்டைக்காலம் உண்டு. வெளியிலிருந்து வந்த இனம் என்பதால், தனியார் நிலத்தில் புள்ளிமானுக்கு அந்த வரம்பு கிடையாது. இங்கேயோ 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி எந்த நாளிலும் வேட்டை குற்றம்.

ஆகவே கிண்டியிலும் ஐஐடி வளாகத்திலும் மாதத்தைப் பார்க்காதீர்கள், கொம்பைப் பாருங்கள். மயிர்த்தோல் மூடி, நுனி மழுங்கியிருந்தால் அது ரத்தம் ஓடி வளரும் கொம்பு. இடித்துக்கொள்ளப் பயந்து அந்த ஆண் சண்டையைத் தவிர்க்கும். தோல் கிழிந்து நாராய்த் தொங்கினால் கெட்டிப்பட்டுவிட்டது. நுனி வெளுத்து, கழுத்து பருத்து, கரகரத்த குரலில் கத்திக்கொண்டு, பின்னங்கால்களில் எழுந்து தலைக்கு மேலுள்ள கிளையில் முகத்தை உரசுகிறதா? அதற்கும் பெட்டைக்கும் நடுவே சைக்கிளில்கூடப் போகக் கூடாது. செல்ஃபி எடுப்பவர்களுக்கு இதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

கட்டுரை தொடாத ஆபத்து தீனியில் இருக்கிறது. மாட்டுப் பொங்கலன்று அளவுக்கு மீறிப் பொங்கல் தின்ற மாடு வயிறு உப்பிப் படுத்துவிடுவது கால்நடை மருத்துவர்களுக்குப் பழக்கமான காட்சி. வேலி ஓரம் கொட்டும் மிச்சச் சோறும் பிரெட்டும் மானுக்கு அதையே செய்யும். மாவுச்சத்து திடீரெனப் போய்ச் சேர்ந்தால், புல்லுக்குப் பழகிய நுண்ணுயிர்களை முந்தி லாக்டிக் அமிலம் சுரப்பவை பெருகும்; அசையூண் வயிற்றின் அமிலத்தன்மை ஏறி, அசை போடுவது நிற்கும். கழிச்சல், தள்ளாட்டம், ஓரிரு நாளில் சாவு. மாடென்றால் சமையல் சோடா கரைத்து ஊற்றலாம். காட்டு மானை யார் பிடித்து ஊற்றுவது? அமெரிக்காவில் கடும் பனியில் இரக்கப்பட்டோ, சுடுவதற்கு வரவழைக்கவோ குவிக்கும் மக்காச்சோளத்தைத் தின்றும் மான்கள் இப்படித்தான், வயிறு நிறைந்தபடியே சாகின்றன. சோறு வந்த பிளாஸ்டிக் பையையும் சேர்த்து விழுங்குவது நம் ஊர்க் கூடுதல்.

புதரில் தனியே சுருண்டிருக்கும் குட்டியைத் தாய் விட்டுப்போனதாக நினைத்துத் தூக்க வேண்டாம். மறைத்துவைத்துவிட்டு மேயப் போயிருக்கும். உதிர்ந்த கொம்பையும் எடுக்கக் கூடாது; சட்டம் ஒரு பக்கம் இருக்க, சுண்ணாம்புச் சத்துக்காக மான்களே அதைக் கடித்துத் தின்னும்.

திருத்தம் வெளியிடுவதானால் படத்தை மாற்ற வேண்டாம். மாதங்களை எடுத்துவிட்டால் போதும்.

இப்படிக்கு,
வாசகர், வேளச்சேரி, சென்னை