ஆனிக் காற்றில் வேண்டாம், புரட்டாசிக்கு வாருங்கள்

நாட்டு நலப்பணித் திட்டப் (என்.எஸ்.எஸ்.) பிள்ளைகளுக்கும், ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டுவிட்டு ஊர் ஊராகத் தோட்டம் போட வருகிற அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும், திருநெல்வேலி மாவட்டம் வள்ளியூர்ப் பக்கத்து மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர் ஒருத்தி எழுதும் மடல்.

அங்கன்வாடிக்கும் சத்துணவுக் கூடத்துக்கும் எங்களைப் போன்ற குழுக்களுக்கும் நீங்கள் போட்டுத் தருகிற காய்கறித் தோட்டம் கட்டாயம் வேண்டும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்வாசலில் நாலு பாத்தி கீரையும் ஒரு முருங்கையும் இருந்தாலே பிள்ளைகள் தட்டில் சாப்பாடு வேறு மாதிரி இருக்கும். கட்டாந்தரையைக் கொத்திக் கல் பொறுக்கி, கை கொப்பளித்துப்போய் நீங்கள் நின்றதைப் பார்த்தவர்கள் நாங்கள். அந்தப் பாடு வீணாகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நீங்கள் வருகிற மாதம் எங்கள் மண்ணுக்கு ஒத்துவரவில்லை. ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தை ஒட்டித்தான் பெரும்பாலும் வருகிறீர்கள். கேரளத்தில் அப்போது மழை கொட்டும். தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் விழும். மலை தாண்டி எங்களுக்கு வந்து சேர்வது வெறும் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்து வருகிற அந்தக் காற்றை நம்பித்தான் முப்பந்தலிலும் பணகுடியிலும் காற்றாலைகளை நிறுத்தியிருக்கிறார்கள். காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். வளர்ப்புப் பையில் வைத்த கத்தரி நாற்று, இலை ஓரம் கருகி, தண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து, அடிமண்ணைச் சுற்றி விரல் நுழைகிற அளவுக்குக் குழி விழுந்து நிற்கும். காற்று செடியைப் பிடித்து ஆட்டி ஆட்டி உண்டாக்கிய குழி அது. அதற்குள் வேர் எப்படிப் பிடிக்கும்?

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது சரிதான். ஆனால் வாய்க்கால் பாசனம் உள்ள அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிக்காரர்களுக்கு இருக்கிற தண்ணீர் எங்களுக்கு இல்லை. மழையை மட்டுமே நம்பும் எங்களைப் போன்ற மானாவாரிக்காரர்களுக்குப் பட்டம் புரட்டாசிதான். காற்று அடங்கும், ஐப்பசி கார்த்திகை மழை பின்னாலேயே வரும், தை மாதத்துக்குள் காய் பறித்துவிடலாம். 1969இல் தொடங்கிய உங்கள் திட்டத்தின் நாளும் செப்டம்பர் 24தானே? அது புரட்டாசித் தொடக்கத்தில்தான் வருகிறது. அந்த நாளையே தோட்டம் போடும் நாளாக வைத்துக்கொள்ளுங்களேன்.

அதற்காக ஜூன் மாதம் வரவே வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலி வேலை கிடக்கிறது. வெள்ளாடு ஒன்று உள்ளே வந்தால் போதும், ஒரு பாத்தியும் மிஞ்சாது. கம்பி கட்டிக் கொடுங்கள். மழைக்கு முன்னால் அதை ஒட்டிக் கிளுவைப் போத்து (வெட்டிய கிளை) நட்டுவிட்டால் கம்பி துருப்பிடிக்கும் நேரத்தில் உயிர்வேலி எழுந்து நிற்கும். மேற்குப் பக்கம் நெருக்கமாக அகத்தி வேண்டும்; காற்றையும் தடுக்கும், கீரையும் ஆகும். சத்துணவுக் கூடத்தில் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் வாசலோடு ஓடிப் போகிறது. அதற்கு ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி வாழைக்கும் சேம்புக்கும் திருப்பிவிடுங்கள். பாத்திகளை மேடாகப் போடுங்கள். 2023 டிசம்பர் 17, 18இல் பெய்த மழையைப் பார்த்த பிறகு இந்த மாவட்டத்தில் யாரும் பள்ளத்தில் பாத்தி போட மாட்டார்கள்.

விதை விஷயம். கேரட்டும் காலிஃப்ளவரும் பாக்கெட்டில் பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. எங்கள் வெயிலுக்குச் சீனியவரை (கொத்தவரை), வெண்டை, தடியங்காய் (வெள்ளைப் பூசணி), தண்டங்கீரை, மிளகுதக்காளி (மணத்தக்காளி) போதும். விதை எங்கள் வீடுகளிலேயே இருக்கிறது, கேட்டால் தருவோம்.

அப்புறம் சாவி. இதை யாரும் யோசிப்பதில்லை, எனக்கு இதுதான் பெரிய வருத்தம். தோட்டத்துக்குக் கேட் போட்டுப் பூட்டி, சாவியைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டுப் போகிறீர்கள். சித்திரை வெயிலில் பள்ளிக்கூடம் லீவு. செடி கண்ணெதிரே வாடுகிறது, தண்ணீர்க் குடத்தோடு நாங்கள் வெளியே நிற்கிறோம். ஒரு சாவி சத்துணவு சமைக்கிற அக்காவிடமும், இன்னொன்று பக்கத்துத் தெருக் குழுவிடமும் இருக்கட்டும். ஊராட்சித் தலைவரையும் தலைமையாசிரியரையும் உட்கார வைத்து, குழாயிலிருந்து தோட்டத்துக்கு எவ்வளவு தண்ணீர் எடுக்கலாம், லீவு நாளில் யார் ஊற்றுவது, காய் யாருக்கு என்பதை ஒரு தாளில் எழுதி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போங்கள். நாங்கள் கேட்டால் ‘பார்க்கலாம்’ என்பார்கள். கல்லூரிப் பிள்ளைகளும் பேராசிரியரும் வந்து கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

உங்கள் திட்டத்தின் ஏழு நாள் முகாமில் ஒரு நாளை இந்தப் பேச்சுக்கு ஒதுக்குங்கள். எங்கள் குழுக் கூட்டம் சாயங்காலம் அங்கன்வாடித் திண்ணையில்தான் நடக்கும். ஆவணி முடிவதற்குள் ஒரு தடவை வந்து உட்கார்ந்தால், எந்த இடத்தில் தண்ணீர் நிற்கும், எந்தப் பக்கம் ஆடு நுழையும் என்று நேரிலேயே காட்டித் தருகிறோம்.

அன்புடன்,
மகளிர் குழு உறுப்பினர்